குடைக்காரரின் இடது கை

குடைக்காரரின் வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாமல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆராதனை முடிந்தபின், பதினொன்றே காலுக்கு. நேரம் இவ்வளவு கறாராகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. ஆலயத்து வாசல்படியில் நின்று, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைப் பதினொன்றே காலுக்குத் திருப்பி வைத்துவிட்டு, அப்போதுதான் சாவி கொடுக்க ஆரம்பித்திருந்தார். கடிகாரம் இடது மணிக்கட்டில். வலது கை விரல்கள் திருகைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றின. இரண்டாவது சுற்றில் இடது கை, பேருந்தில் முன்பின் தெரியாத ஆள் உரசிவிட்டதைப் போல, வெடுக்கென்று விலகிக்கொண்டது. வலது கை துரத்திப் பார்த்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அந்தக் கடிகாரம் அதற்கப்புறம் ஓடவில்லை.

இதற்கு ஆண்டவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்டது குடைக்காரர்தான். ஐந்து நாளுக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை மழையில், சலவைக்காரம்மா வெளுத்த துணி மூட்டையோடு நனைந்தபடி அவர் கடையைத் தாண்டிப் போனாள். அவர் எழுந்து ஓடி, மரக்காம்பு போட்ட கறுப்புக் குடை ஒன்றை அவள் கையில் திணித்துவிட்டு வந்தார். நல்ல காரியம்தான். ஆனால் மாலை வீடு போய்ச் சேருவதற்குள் முடிதிருத்துகிறவர், தபால்காரர், மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு வெளியூர்க்காரர் ஆகிய மூவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. நான்காவதாக மனைவியிடம் சொல்ல வாயெடுத்தார். "தெரியுங்க," என்றாள் அவள். "நீங்க தெருமுனை திரும்பும்போதே கேட்டுச்சு. குடுத்த குடையைவிட உங்க சத்தம் பெரிசா விரிஞ்சிருக்கு." அது மனதில் முள்ளாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமும் அதைப் பற்றியே வந்து வாய்த்தது: தர்மம் பண்ணும்போது வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்ற வார்த்தை. போதகர் தன்னைப் பார்த்தே பேசுவதாகக் குடைக்காரருக்குத் தோன்றியது. உண்மையில் போதகர் அவர் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பசி நேரம். குடைக்காரர் முழங்காலில் நின்று, இனிமேல் என் இடது கைக்குத் தெரியாமலே கொடுக்க வையும் என்று நெஞ்சார வேண்டிக்கொண்டார். வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் உள்ளர்த்தம் வைத்துக் கேட்டிருப்பார்கள். இவர் குடை பழுதுபார்க்கிறவர். காம்பு என்றால் காம்பு, கம்பி என்றால் கம்பி. ஆண்டவரும் அன்றைக்குக் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டார். மறுநாள் போதகர் கடைக்கே வந்து, அது ஒரு உவமானம், அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இடது கையிடம் நேராகவே விளக்கிச் சொன்னார். இடது கை முழங்காலைச் சொறிந்துகொண்டிருந்தது. உவமானம் புரிகிற கையாகத் தெரியவில்லை.

ஒரு குடைக்கு எட்டுக் கம்பி. கம்பி நுனியைத் துணியோடு சேர்த்துத் தைக்க ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை ஊசி போட வேண்டும். வலது கை ஊசி போடுவது இடது கைக்குத் தெரியாததால் அது பிடிக்காமல் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் கடை சாத்திக் கிடந்தது. மூன்றாவது வாரம் மனைவி ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவருக்கு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து, "நான் பிடிக்கிறேன், நீங்க தைங்க," என்றாள். அன்று முதல் அவளே அவருடைய இன்னொரு கை. சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். சாப்பாட்டுத் தட்டு நகராமல் பிடித்துக்கொண்டாள். கைகூப்பிக் கும்பிட முடியாத மனிதருடைய வலது உள்ளங்கையோடு தன் இடது உள்ளங்கையைச் சேர்த்து வைத்து ஜெபத்துக்கு உட்கார்ந்தாள். யாருடைய விண்ணப்பம் யாருடைய கணக்கில் போகிறது என்பதை மேலே இருப்பவர் பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். கைதட்டிப் பாடும் பாட்டுகளில் மட்டும் அவர் கலந்துகொள்ளவில்லை. கல்யாணமான முதல் வருடத்துக்குப் பிறகு அவர்கள் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்தது அந்த வருடங்களில்தான். பிற்காலத்தில் அவள் அந்த நாட்களை நினைத்துப் பேசும்போது, துணிக்குப் போடும் மெழுகின் வாசனையைத்தான் முதலில் சொல்வாள். பிறகு, தான் பிடிப்பதற்குள் ஊசி தன் கட்டைவிரலில் ஏறிய இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவாள், நகை காட்டுகிற மாதிரி.

மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல் போனதும் வலது கை தாராளமாகிவிட்டது. முதல் வருடம் பதினாறு குடைகள் போயின. இரண்டாவது வருடம் முப்பத்தொன்று. அடைமழையாகப் பெய்த ஐந்தாவது வருடத்தில், ஆலயம் விட்டு ஜனங்கள் வெளியே வரும்போது மாடியிலிருந்து பார்த்தால், விரிந்த குடைகளில் பாதி அவருடையவை. குடைகளோடு நிற்கவில்லை. போர்வை, மண்ணெண்ணெய் விளக்கு, சுத்தியல், புதுச் செருப்பில் ஒன்று, அதற்குள் மனைவி பார்த்துவிட்டதால் மற்றது தப்பியது. கொடுத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வேண்டுதல் நாக்கையும் சேர்த்துக் கட்டிவிட்டது போலிருக்கிறது. பாவம், இடது கைதான் திண்டாடியது. அதற்கு ஒரு விவரமும் தெரியாது. விளக்கு போன பிறகும் ஒரு மாதம் வரை, பொழுது சாயும்போதெல்லாம் அலமாரியில் விளக்கு இருந்த இடத்துக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து மடியில் உட்காரும். மனைவி அதைத் தட்டிக்கொடுத்து, "அது போயிடுச்சு, தேடாதே," என்பாள், பூனையிடம் சொல்வதைப் போல.

ஆனால் வலது கைக்கு வேறொரு கோளாறும் இருந்தது. அது கொடுக்கும், வாங்காது. வாங்காது என்றால் மறுக்கும் என்று அர்த்தமல்ல. இனாமாக எதை வைத்தாலும் உள்ளங்கையில் நிற்காமல், ஈரக் கையிலிருந்து சோப்பு வழுகுவதைப் போல வழுகிக் கீழே விழுந்தது. இதைக் கண்டுபிடித்தவர் ரொட்டிக்கடைக்காரர், மனைவியின் தம்பி. கடை எதிர்வரிசையிலேயே இருந்தது. அக்காள் புருஷனுக்கு ஒரு ரொட்டியாவது சும்மா கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அவருடைய அடுப்புக்கு மேலே மழைக்குத் தார்ப்பாய் தைத்துக் கட்டியது மச்சான்தான், ஒரு வாய்த் தேநீர்கூடக் குடிக்காமல் கட்டிவிட்டுப் போனார். ரொட்டியைக் கையில் வைத்தார், விழுந்தது. இன்னொன்று வைத்தார், விழுந்தது. யோசித்து, "சரி மச்சான், சும்மா வேணாம். பதிலுக்கு உங்க சட்டைப் பொத்தான் ஒண்ணு குடுங்க," என்றார். பொத்தானைக் கொடுத்தவுடன் ரொட்டி கையில் பசை போட்ட மாதிரி நின்றது. ரொட்டிக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே பின்பக்கமாகப் போய், பொத்தானை அக்காளிடம் ரகசியமாகத் திருப்பிக் கொடுத்தார். கடைக்குள் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் ரொட்டி தரையில் கிடந்தது. "உங்க கை என்ன, சுங்கச் சாவடியா?" என்று கேட்டுவிட்டு அவர் ரொட்டியை எடுத்து ஊதிக்கொண்டே போனார். சிரித்துக்கொண்டுதான் போனார். ஆனால் இரண்டு நாள் எதிரே பார்க்கவில்லை.

கோளாறு கையில் தொடங்கியதல்ல என்பது மனைவிக்கு மட்டும் தெரியும். குடைக்காரருக்கு ஏழு வயதாக இருந்தபோது அவருடைய அப்பாவுக்கு வேலை போயிற்று. அந்த வருடம் மகன் ஆலயத்துக்குப் பின்புறம் ஏழைகளுக்குச் சாப்பாடு போடுகிற வரிசையில் தட்டோடு நின்றார். கரண்டி பிடித்திருந்த அம்மாள் கெட்டவள் அல்ல, அன்றைக்கு அவளுக்குத் தலைவலி. "நீ இப்பத்தானே வாங்கிட்டுப் போனே?" என்று கேட்டுவிட்டாள். அவர் வாங்கியிருக்கவில்லை. அவரைப் போலவே காது நீண்ட இன்னொரு பிள்ளை முன்னால் போயிருக்கலாம். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தட்டைத் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அப்பா விவரம் கேட்டுவிட்டு, ஆறுதல் என்று நினைத்து, குடுக்கிற கை மேலே இருக்கும், வாங்குகிற கை கீழே இருக்கும், நீ மேலே இருக்கப் பார் என்று சொன்னார். பிள்ளை அப்பா சொல்லைத் தட்டவில்லை. நாற்பது வருடம் மேலேயே இருந்தார்.

இதில் ஒருவருக்கும் நஷ்டமில்லை என்றுதான் ஊர் நினைத்திருக்கும், திருவிருந்து என்று ஒன்று இல்லாவிட்டால். அந்த ஆலயத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாரும் முன்னே போய், கைப்பிடிக் கட்டைக்கு முன் முழங்காலில் நின்று, வலது கையை நீட்ட வேண்டும். போதகர் அதில் ஒரு துண்டு அப்பத்தை வைப்பார். அதற்கு விலை கிடையாது, பதிலுக்குப் பொத்தானும் கேட்க மாட்டார்கள். ஆகவே அது குடைக்காரரின் கையில் நிற்கவில்லை. முதல் மாதம் விழுந்ததைப் போதகர் குனிந்து எடுத்துத் தானே உட்கொண்டார். இரண்டாம் மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் போதகருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்குமேல் அவரைச் சங்கடப்படுத்த விரும்பாமல், திருவிருந்து ஞாயிறுகளில் குடைக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டார், ஜனங்களின் ஈரக் குடைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி. எவ்வளவு தாழ்மையான மனிதர் என்று ஊர் மெச்சியது. இடது கையை நீட்டிப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. மனைவி மட்டும் பதினோரு வருடம் தனியாக முன்னே போய், தனியாக முழங்காலில் நின்று, தனியாக எழுந்து வந்தாள். கைப்பிடிக் கட்டையில் தனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டே நிற்பாள். கூட்டம் நெருக்கினாலும் நகர மாட்டாள். அதைப் பற்றி வீட்டில் ஒரே ஒரு முறைதான் பேசினாள். "ஊருக்கெல்லாம் குடுக்கறீங்க, சந்தோஷம். ஆண்டவர்கிட்ட மட்டும் கடன் வெக்கக் கூடாதுன்னு பாக்கறீங்களா?" என்று கேட்டாள். வலது கை எழுந்து போய், அடுக்களையிலிருந்த கடைசி முட்டையை வாசலில் போன யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தது.

பன்னிரண்டாம் வருடம், மழைக்காலத் தொடக்கத்தில், மனைவி மேல் அலமாரியிலிருந்து துணிச் சுருளை எடுக்க முக்காலிமேல் ஏறினாள். முக்காலிக்கு மூன்று கால். அவளுக்கு அன்று முதல் ஒன்று. விழுந்து முறிந்த மற்றதற்கு எலும்பு வைத்தியர் பலகை வைத்துக் கட்டிவிட்டு, ஆறு வாரத்துக்குக் கால் தரையில் படக் கூடாது என்று சொல்லிப் போனார். அதோடு குடைக்காரரின் இன்னொரு கையும் படுத்துவிட்டது. அவரே சமைக்கப் புறப்பட்டார். வலது கை கத்தியை எடுத்தால், எதற்கென்று தெரியாத இடது கை அதன் குறுக்கே போய்ப் படுத்துக்கொண்டது. வலது கை அரிசி களைந்து வைத்தால் இடது கை அந்தத் தண்ணீரோடு எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கொட்டியது. மூன்று நாளில் இரண்டு பாத்திரம் அடிப்பிடித்தது, ஒன்றுக்கு அடியே போயிற்று. கருகல் வாசனை பிடித்துத் தெருவே எழுந்து வந்தது. பதினோரு வருடமாகக் காத்திருந்த தெரு அது. முடிதிருத்துகிறவர் ஒரு தூக்குவாளியோடு வந்தார். தபால்காரரின் வீட்டம்மா மூடி போட்ட கிண்ணத்தோடு வந்தாள். குடைக்காரர் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, வேணாங்க, இருக்குங்க என்று எல்லாரையும் அனுப்பி வைத்தார். மீறிக் கையில் வைத்தவர்களின் கிண்ணங்கள் வாசல்படியில் உடைந்தன. மொத்தம் மூன்று கிண்ணம், ஒரு மூடி.

ரொட்டிக்கடைக்காரர் இந்தச் சட்டத்துக்கெல்லாம் கட்டுப்படுகிறவர் அல்ல. பின்கதவு வழியாகப் புகுந்து, சுடச்சுட இரண்டு ரொட்டியோடு அக்காளின் கட்டில் அருகே போய் நின்றார். அவளுக்குப் பசியில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ரொட்டியை முகர்ந்து பார்த்தாள். பிறகு, "அவர் கையில குடு," என்றாள்.

"அக்கா, அது கையா அது? எண்ணெய்ச் சட்டி. நீ சாப்பிடு."

"அவர் கையில குடுடா. அவர் வாங்கினா நான் சாப்பிடறேன்."

குடைக்காரர் வந்து கையை நீட்டினார். ரொட்டி வழுகித் தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. மூவரும் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்ப எனக்கும் வேணாம்," என்று அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "இவளே, இது என்ன பிடிவாதம்? எனக்காக நீ பட்டினி கிடக்கணுமா?" என்று அவர் கேட்டார். சுவரைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்: "பதினோரு வருஷமா நான் தனியாத்தானே சாப்பிடறேன். போதுங்க." அவள் சொல்வது வீட்டுச் சாப்பாட்டை அல்ல என்பது அவருக்குப் புரிந்தது. ரொட்டிக்கடைக்காரருக்கும் புரிந்தது, அவர் சத்தமில்லாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து ரொட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியேறினார். அன்று பகல் முழுவதும் அவள் தண்ணீர் மட்டும் குடித்தாள். மறுநாளும் அப்படியே. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையை விரித்து விரித்துப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை. நல்ல உறுதியான, நாலு பேருக்கு உதவிய கை.

மூன்றாம் நாள் காலை சலவைக்காரம்மா வந்தாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் மழையில் நனைந்து போனவள்தான். இப்போது முதுகு வளைந்திருந்தது, கணவன் போய்விட்டிருந்தான், ஒரு வேளைக்கு மறுவேளை நிச்சயமில்லாத வீடு. துணியால் சுற்றிய ஒரு சின்னப் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். கிழங்கும் பருப்பும் சேர்த்து வேகவைத்தது. இவளிடம் வாங்குவதைவிடப் பாவம் வேறில்லை என்று குடைக்காரருக்குத் தோன்றியது. வலது கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. வீட்ல இருக்கு."

"என்ன இருக்கு?"

"எல்லாம் இருக்கு."

"கருகின வாசனை தெருமுனை வரைக்கும் இருக்கு. அதைத்தானே சொல்றீங்க?"

"உன் பிள்ளைகளுக்குக் குடும்மா. உனக்கே..." என்று அவர் ஆரம்பித்த நேரத்தில், எதையோ தேடிச் சுவரோரமாகத் தடவிக்கொண்டிருந்த இடது கை பாத்திரத்தின் சூட்டில் பட்டது. பட்டவுடன் நின்றது. துணிச் சுற்றை ஒரு தடவை தடவிப் பார்த்தது. பிறகு பாத்திரத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது வழுகவில்லை.

அந்தக் கைக்கு என்ன தெரியும்? தான் ஊரே மெச்சும் கொடையாளியின் கை என்பது அதற்குத் தெரியாது. நூற்றுக்கணக்கான குடைகள் போனது தெரியாது, போர்வை போனது தெரியாது. பதினோரு வருடமாக அதற்குத் தெரிந்ததெல்லாம், வீட்டில் இருந்த சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன என்பதுதான். ஏழ்மைப்பட்ட ஒரு மனிதரின் கையாகத்தான் அது தன்னை எண்ணிக்கொண்டிருந்தது. சூடாக ஒன்று கிடைத்தால் அப்படிப்பட்ட கை என்ன செய்யும்? வாய் வேணாம் வேணாம் என்று சொல்லிக்கொண்டேயிருக்க, கை விடாமல் பிடித்திருந்தது. சலவைக்காரம்மா பாத்திரத்தை விட்டுவிட்டாள்.

"இடது கைம்மா," என்றார் குடைக்காரர், கூனிக் குறுகி. "தப்பா நெனச்சுக்காதே. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"எந்தக் கையானா என்னங்க? உங்க குடையப் பிடிச்சுக்கிட்டுப் பதினோரு வருஷமா இந்தக் கடையத் தாண்டிப் போறேன். ஒரு நாளாவது நிமிந்து பாத்திருக்கேனா? ஒருவாட்டி உங்க சட்டையச் சும்மா வெளுத்துத் தரேன்னேன், வேணாம்னீங்க. எலுமிச்சம்பழம் குடுத்தேன், கீழே விட்டீங்க. இன்னிக்காவது என்னைத் தலை நிமிந்து போக விடுங்க."

உதறியிருந்தால் கை விட்டிருக்கும். அவருடைய கைதானே, தோளிலிருந்து ஓர் உதறு போதும். அவரும் அதை நினைத்தார். வாசலில் நின்றபடி நினைத்துக்கொண்டிருந்தார். சலவைக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தார். உள்ளே கட்டில் கிடக்கும் பக்கம் பார்த்தார். காது நீண்ட ஒரு பிள்ளையாக, தட்டோடு மறுபடி அந்த வரிசையில் நின்றார். "இப்பத்தானே வாங்கிட்டுப் போனேன்னு யாரும் கேக்க மாட்டாங்களே?" என்று கேட்டார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்க என்னிக்குங்க வாங்கியிருக்கீங்க?" என்றாள். அவர் உதறவில்லை. நன்றிம்மா என்று சொன்னார். அந்தச் சொல் அவர் வாய்க்குப் பழக்கமில்லாததால் பாதியில் ஒரு முறை இடறியது. அவள் படியிறங்கி, வெயிலாக இருந்தும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தெரு நடுவே நடந்து போனாள்.

கட்டிலில் இருந்தவள் பாத்திரத்தையும் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த கையையும் பார்த்தாள். எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரே கரண்டியில் மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். "உப்பு கம்மி," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "குடுத்ததைக் குறை சொல்லாதே," என்றார் அவர். "பாருங்கய்யா, நேத்து வரைக்கும் வாங்கத் தெரியாதவர் பேசறதை," என்று அவள் சிரித்ததில் கால் கட்டு வலித்தது. மதியத்துக்குள் செய்தி தெருவெல்லாம் பரவி, வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் இடப்பக்கமாகவே நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ரொட்டியை இடது கையில் வைத்து, கீழே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தபடி சற்று நேரம் குனிந்து நின்றார், விழுந்தால் பிடிப்பதற்கு. விழவில்லை. "ஏன் மச்சான், இந்தக் கையை இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, கடைக்குப் போய் மாவு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். அந்த ஆறு வாரத்தில் குடைக்காரர் வாங்கப் பழகினார். கடினமாக இருந்தது பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான். எதையாவது நிரப்பிக் கொடுக்க வலது கை துடித்தது. கழுவிக் காலியாகவே கொடுத்து, நல்லா இருந்துச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

மனைவி ஊன்றுகோலோடு முதன்முதலாக ஆலயத்துக்கு வந்த ஞாயிறு, திருவிருந்து ஞாயிறாக அமைந்தது. குடைக்காரர் வாசலில் நிற்கவில்லை. குடைகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டன. அவளோடு முன்னே போய், அவள் பதினோரு வருடமாகக் காலியாக வைத்திருந்த இடத்தில் முழங்காலில் நின்று, இடது கையை நீட்டினார். பக்கத்தில் முழங்காலில் இருந்த சபை மூப்பர், ஓய்வுபெற்ற வாத்தியார், அதைப் பார்த்துவிட்டு, "போதகரே, இடது கை. இது மரியாதையா?" என்று அடிக்குரலில் கேட்டார். போதகர் புதியவர், வந்து நாலு மாதம்தான். அவர் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்தார். "இதையும் ஆண்டவர்தானே பண்ணினார், ஐயா. வேற யாராவது பண்ணினாங்களா?" என்று கேட்டுவிட்டு, அப்பத் துண்டை அதில் வைத்தார். அப்பம் அங்கேயே இருந்தது. மனைவி பக்கவாட்டில் பார்க்கவில்லை. ஊன்றுகோலை மட்டும் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்து அவருக்கு இடம் விட்டாள். அந்த நேரத்தில், இடது கை வாங்கியது எதுவும் தெரியாத வலது கை, சட்டைப் பையில் துழாவி, தன்பாட்டுக்குக் கைக்குட்டையை எடுத்து மூப்பருக்குக் கொடுத்தது. மூப்பருக்கும் அது அப்போது தேவைப்பட்டது. வாங்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் முறைக்குக் காத்திருந்தார்.

அதற்குப் பின் பதினேழு வருடம் அவர்கள் கடை நடத்தினார்கள். இரண்டு கைகளும் கடைசிவரை ஒன்றையொன்று தெரிந்துகொள்ளவில்லை. வலது கை முன்பைப் போலவே கொடுத்துக்கொண்டிருந்தது. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களிடம், தபால் நிலையம் எங்கே, தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லும்போதே, குடைக்காரருக்கு எதையாவது கொடுப்பதாக இருந்தால் இடப்பக்கம் போய் நில்லுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்டதாகத் தெரியவில்லை. மழைக்கால மாலைகளில் கடைக்குள் மெழுகு வாசனை இருக்கும். இருவரும் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள், அவள் பிடிக்க அவர் தைப்பார். அப்படி ஒரு மாலை அவர் ஒரு கம்பியைத் தைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, இடது கையில் ஓர் ஆரஞ்சுப் பழம் இருந்தது.

"இவளே, இது எப்ப வந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? உங்க கை."

"யாரு வெச்சாங்கன்னு பாக்கலையா?"

"பாத்திருந்தா மட்டும்? தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

அவர் பழத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். தெருவில் நாலைந்து பேர் குடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன்," என்றார். "உரிச்சுக் குடு."

அவள் உரித்தாள்.